நாலாவது அண்டாவுக்கு எப்போது தீ மூட்டுவது?

ஹெல்லேலி பண்ணை,
வோஸ்.
டிசம்பர் 14, சனிக்கிழமை காலை.

பாசத்துக்கும் மரியாதைக்கும் உரிய மச்சான் ஐவிந்த் அவர்களுக்கு,

தங்கள் தங்கை கணவன் மாக்னே பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் தங்கள் தங்கை ஆஸ்தாவும் ஏழு கோழிகளும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறோம். அங்கே ஸ்டவாங்கரில் கடல்காற்றுக்கும் மழைக்கும் நடுவே தாங்களும் வீட்டில் உள்ளவர்களும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தங்கள் இடுப்பு வலி எப்படி இருக்கிறது என்று ஆஸ்தா கேட்கச் சொன்னாள். கேட்டுவிட்டேன்.

நிற்க. அக்டோபரில் தாங்கள் தொலைபேசியில் போட்ட நிபந்தனையை நான் மறக்கவில்லை. கிறிஸ்துமஸ் மேஜையில் என் கையால் காய்ச்சிய பீர் ஒரு ஜாடியாவது இருந்தால், பண்ணையின் செப்பு அண்டா எனக்கே. இல்லையென்றால் 20-ம் தேதி வரும்போது அதை ட்ரெய்லரில் ஏற்றி ஸ்டவாங்கருக்குக் கொண்டுபோய்விடுவீர்கள். (அங்கே கொண்டுபோய் அதில் பூச்செடி வைக்கப்போகிறீர்கள் என்பது ஆஸ்தாவின் சந்தேகம். நான் நம்பவில்லை.) இங்கே பன்னிரண்டு கிறிஸ்துமஸுக்குப் பீர் காய்ச்சிய அனுபவத்தில் தாங்கள் ஓர் அறிவுரையும் சொன்னீர்கள்: "அவசரப்படாதீங்க மாப்பிள்ளை. முதல்ல போட்டதைக் குடிச்சுப் பாருங்க, என்ன குறைன்னு புரிஞ்சுக்குங்க, அப்புறம்தான் அடுத்ததுக்குத் தீ மூட்டணும்." லைப்ரரியில் எடுத்த புத்தகமும் வார்த்தை மாறாமல் இதையேதான் சொல்கிறது. பொன்னான அறிவுரை. ஆனால் மச்சான், இதைக் கடைப்பிடிக்க முடியாத நிலைமைக்கு நான் வந்துவிட்டேன். எப்படி வந்தேன் என்று முழுக்கக் கேட்டுவிட்டுத் தாங்களே ஒரு தீர்ப்பு சொல்லுங்கள்.

முதல் தடவை நடந்ததைச் சொல்வதற்கு முன் ஒரு மன்னிப்பு கேட்டுக்கொள்கிறேன். அடுப்புக் கொட்டகையில் ஆணியில் ஒரு மர வளையம் தொங்கிக்கொண்டிருந்தது, ஞாபகம் இருக்கிறதா, சின்னச் சின்ன மரத்துண்டுகளைக் கோத்துச் செய்தது, தாங்கள் தொங்கவிட்டுப் போனது? "அதைத் தொட்டிக்குள்ள போட்டாத்தாங்க பீர் பொங்கும்"னு ஆஸ்தா சொன்னா. நான் எடுத்துப் பார்த்தேன். ஐயோ மச்சான், அந்த இடுக்கெல்லாம் பழுப்பா, கெட்டியா, அடுக்கடுக்கா படிஞ்சு கிடந்துச்சு! நாப்பது வருஷம் பல் டாக்டரா இருந்தவன் நான். காரை படிஞ்ச எதைப் பார்த்தாலும் என் கை சும்மா இருக்காது. பழைய கிளினிக் பெட்டியைத் திறந்தேன், காரை எடுக்கிற கொக்கியை எடுத்தேன், மூணு மணி நேரம் உட்கார்ந்து ஒவ்வொரு இடுக்கா சுரண்டினேன். அதோட விட்டேனா? கருவிகளைச் சுத்தம் பண்ற நீராவிப் பெட்டியில வச்சு நூத்திமுப்பது டிகிரியில அவிச்சும் எடுத்தேன். வளையம் அப்படியே பால் பல்லு மாதிரி வெளேர்னு வந்துச்சு. பெருமையா தொட்டிக்குள்ள போட்டேன். ஒரு நாள் ஆச்சு, ஒண்ணும் இல்ல. ரெண்டு நாள் ஆச்சு, ஒரு குமிழிகூட இல்ல. மூணாம் நாள் ஆஸ்தா கொட்டகைக்குள்ள வந்தவ வளையத்தைப் பார்த்துட்டு அப்படியே நின்னுட்டா. "என்னங்க, இதுல ஒட்டியிருந்தது எங்க?" "சுத்தம் பண்ணிட்டேன்." "அதுதாங்க ஈஸ்ட்டு!" சத்தியமா சொல்றேன், எனக்குத் தெரியாது மச்சான். ஈஸ்ட்டுன்னா கடையில பொட்டலத்துல வரும்னு நெனச்சேன். உங்க ஈஸ்ட் குடும்பத்தையே பரலோகம் அனுப்பிட்டேன். மன்னிச்சிடுங்க.

ஆனா பீர் போட்டா மூணாம் நாள், தொட்டியிலிருந்து பீப்பாய்க்கு ஊத்தி மாத்துறப்போ அக்கம்பக்கம் ருசி பார்க்க வரணுமே, அது உங்க ஊர் வழக்கமாச்சே! நாங்க யாரையும் கூப்பிடல. கொட்டகைப் புகையைப் பார்த்துட்டு, நாள் எண்ணிக்கிட்டு, சரியா மூணாம் நாள் சாயங்காலம் ஒம்பது பேர் வந்து பெஞ்சியில உட்கார்ந்துட்டாங்க. பால் லாரி ஓட்டுற கூரி முன்வரிசையில. ஆத்துக்கு அந்தப் பக்கம் ஆடு வளர்க்கிற ஹால்வர் பக்கத்துல. நான் என்ன பண்றது? பொங்காத மால்ட் தண்ணியைக் கிண்ணத்துல ஊத்திக் குடுத்தேன். பாயசத்துக்குத் தண்ணி கலந்த மாதிரி இருந்திருக்கும். ஒருத்தரும் முகம் சுளிக்கல. கூரி மட்டும் கிண்ணத்தைக் கீழ வச்சிட்டு, "டாக்டரே, ரிட்டையர் ஆனப்புறமும் பல்லு சொத்தைக்கு ஆள் புடிக்கிறீங்களா?"ன்னா. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். உள்ளுக்குள்ள மானம் போச்சு.

ஆனாலும் கூரி நல்ல மனுஷி. மறுநாள் பால் லாரியை வாசல்ல நிறுத்தி, தன் வீட்டு ஃப்ரீசர்லேருந்து ஒரு சின்ன பாட்டில்ல ஈஸ்ட் கொண்டுவந்து குடுத்தா. "இதைத் தேய்ச்சுக் குளிப்பாட்டாதீங்க, அப்படியே போடுங்க"ன்னு சொல்லிட்டுப் போயிட்டா. நவம்பர் முதல் வாரம் ரெண்டாவது தடவை தீ மூட்டினேன். அடடா மச்சான், அந்த நாளை நெனச்சா இப்பவும் எனக்குச் சிலிர்க்குது! காலையில அஞ்சு மணிக்கு ஜூனிப்பர் கிளையைத் தண்ணியில போட்டுக் கொதிக்க விட்டேன், அந்த வாசனை கொட்டகையைத் தாண்டி கோழிக்கூண்டு வரைக்கும் போச்சு. மால்ட்டு ஊறி, வடிச்சு, நாலு மணி நேரம் அண்டாவுல தளதளன்னு கொதிச்சு, பொன் நிறத்துலேருந்து செம்பு நிறமாச்சு. அண்டா எது, பீர் எதுன்னு தெரியல! உடம்பு சூட்டுக்கு ஆற விட்டு ஈஸ்ட்டை ஊத்தப்போனேன். ஆஸ்தா கையைப் புடிச்சு நிறுத்தினா. "கத்துங்க." "எதுக்கு?" "ஈஸ்ட் ஊத்துறப்போ கத்தணும். இல்லன்னா பீர் தூங்கிடும். எங்க அப்பா கத்தினா மலைக்கு அந்தப் பக்கம் கேக்கும்." நான் கத்தினேன். "இது கத்துறதா? இருமுறீங்க"ன்னா. மறுபடி கத்தினேன். "என்னங்க இது, உங்க கிளினிக்ல ஞானப் பல்லு புடுங்குறப்போ மத்தவங்க கத்துவாங்களே, அப்படிக் கத்துங்க!"ன்னா. மச்சான், நாப்பது வருஷமா அந்தச் சத்தத்தைக் கேட்டவன் நான், எனக்கா தெரியாது? கண்ணை மூடிக்கிட்டு அடிவயித்துலேருந்து ஒரு கத்து கத்தினேன் பாருங்க! கோழி ஏழும் கூண்டுக்குள்ள ஓடிப்போச்சு. பத்தாவது நிமிஷம் ஹால்வர் முதலுதவிப் பெட்டியோட ஓடி வர்றாரு. நான் அண்டாவுக்குள்ள விழுந்துட்டேன்னு நெனச்சிருக்காரு மனுஷன். நான் உயிரோட நிக்கிறதைப் பார்த்துட்டு, தொட்டியைப் பார்த்துட்டு, "அப்ப புதன்கிழமை"ன்னு ஒரே வார்த்தை சொல்லிட்டுத் திரும்பிப் போயிட்டாரு.

புதன்கிழமை பதினேழு பேர்! பீர் பொங்கினது பொங்கினபடி, நுரை தொட்டி விளிம்பைத் தாண்டி நிக்குது, ஆஸ்தா புகை போட்ட ஆட்டிறைச்சியை நறுக்கி நறுக்கி வைக்கிறா, நான் ஊத்துறேன், ஊத்துறேன், ஊத்திக்கிட்டே இருக்கேன். ஒருத்தர் கிண்ணம் காலியானா இன்னொருத்தர் நீட்டுறாரு. அப்ப எனக்கு ஒண்ணு தோணிச்சு மச்சான், சொன்னா சிரிக்காதீங்க. நாப்பது வருஷமா ஜனங்க என் முன்னாடி வாயைத் திறந்தது பயத்துல. இப்பத்தான் முதல் தடவையா சந்தோஷமா திறக்கிறாங்க. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. ஜூனிப்பர் புகைன்னு சொல்லிச் சமாளிச்சேன். எல்லாரும் போனப்புறம் எனக்குன்னு ஒரு கிண்ணம் எடுத்துக்கிட்டு பீப்பாய்க்கிட்ட போனா, அடியில ஒரு பொட்டு இல்ல. நூத்திருபது லிட்டர்! ஊத்திக் குடுத்த பரபரப்புல என் நாக்குல ஒரு துளி படல மச்சான். நான் காய்ச்சின பீர் என்ன ருசின்னு ஊருக்கே தெரியும், எனக்குத் தெரியாது.

சரி, குடிச்சவங்களையாவது கேக்கலாம்னு மறுநாள் கூரியைக் கேட்டேன். "பீர் எப்படி இருந்துச்சு?" லாரி ஜன்னல் வழியா யோசிச்சா. "குடிக்கலாம்"ன்னா. ஹால்வரைக் கேட்டேன். அவர் இன்னும் அதிகமா யோசிச்சு, "ஈரமா இருந்துச்சு"ன்னாரு. ஈரமாம்! உங்க ஊர்க்காரங்க வாயிலேருந்து ஒரு நல்ல வார்த்தை வரவைக்கிறதுக்குக் கடைவாய்ப் பல்லைப் புடுங்கிடலாம். என்ன குறைன்னு புரிஞ்சுக்கிட்டு அடுத்தது போடணும்னு நீங்க சொன்னீங்க. "ஈரம்" ஒரு குறையா மச்சான்? அதை நான் எப்படிச் சரி பண்ணுவேன்?

அதனால மூணாவதை ரகசியமா போடறதுன்னு முடிவு பண்ணேன். போன வாரம் ஒரு நாள் நல்ல மூடுபனி, புகை எது, பனி எதுன்னு யாருக்கும் தெரியாது. கூரி மகளைப் பார்க்க பெர்கன் போயிருந்தா. இதுதான் சமயம்னு நாப்பது லிட்டர் மட்டும் காய்ச்சினேன். ரெண்டாவது தொட்டி அடியில வழிச்சு வச்சிருந்த ஈஸ்ட்டை ஊத்துறப்போ கத்தல. குனிஞ்சு தொட்டிக்குள்ள வாயை வச்சு மெதுவா, "எழுந்திரிப்பா, எழுந்திரிப்பா"ன்னு காதுல சொல்ற மாதிரி சொன்னேன். அப்புறம் தொட்டியைக் கொட்டகையில வச்சா யாராவது எட்டிப் பார்ப்பாங்கன்னு, நானும் ஆஸ்தாவுமா தூக்கிட்டுப் போய் வீட்டு பாத்ரூம்ல வச்சோம். தரையில சூடு வர்ற பாத்ரூம்தானே, ஈஸ்ட்டுக்கு அதைவிட சுகமான இடம் ஏது? குளிக்கிற திரையை இழுத்து மறைச்சாச்சு. ரெண்டு நாள் நாங்க குளிக்கவே இல்ல. உள்ள பொங்குற சத்தம் படுக்கையிலேருந்தே கேக்குது. என்ன ஒரு சங்கீதம்! தெளியட்டும், தெளிஞ்சப்புறம் முதல் கிண்ணம் எனக்குன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பொறுத்திருந்தேன்.

மூணாம் நாள் ஹால்வர், கடன் வாங்கின ஏணியைத் திருப்பிக் குடுக்க வந்தவரு, "பாத்ரூம் எந்தப் பக்கம்?"னு கேட்டாரு. வேண்டாம்னு எப்படிச் சொல்றது? உள்ள போனவரு போனவர்தான். அஞ்சு நிமிஷம், பத்து நிமிஷம், நாப்பது நிமிஷம்! ஆஸ்தா கதவுல காது வச்சு, "பாட்டுச் சத்தம் கேக்குதுங்க"ன்னா. வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசாத ஹால்வர், பாட்டு பாடுறாரு! வெளிய வந்தாரு. முகம் சிவந்திருந்துச்சு. "உங்க பாத்ரூம் மோசமில்ல"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. அதோட முடிஞ்சுதா? மறுநாள் காலையிலேருந்து ஊருல அத்தனை பேருக்கும் ஒரே நேரத்துல வயித்தைக் கலக்குது. தபால்காரர் வர்றாரு, "கொஞ்சம் பாத்ரூம்." கூட்டுப் பாட்டு டீச்சர் வர்றாங்க, "கொஞ்சம் பாத்ரூம்." வீடு வீடா பாத்ரூம் இருக்கிற ஊர்தானே இது! கூரி பெர்கன்லேருந்து திரும்பினதும் நேரா இங்கதான் வந்தா, தோள்ல துண்டோட. "எங்க வீட்ல வெந்நீர் வரலை டாக்டரே"ன்னா. ஒண்ணரை மணி நேரம் வெந்நீர்ல குளிச்சா. தண்ணி விழற சத்தமே கேக்கல. சாயங்காலம் நான் திரையை விலக்கிப் பார்த்தேன். அடியில ஈஸ்ட் வண்டல் மட்டும். அதை வழிச்சு ஒரு பாட்டில்ல போட்டு, ஆஸ்தாவோட லிங்கன்பெரி ஜாமுக்குப் பின்னாடி ஒளிச்சு வச்சேன், அது ஒண்ணுதான் மிச்சம்.

இப்ப என் நிலைமையைப் பாருங்க மச்சான். இன்னிக்கு 14. நாளைக்குத் தீ மூட்டினா 18-ம் தேதி பீப்பாய்க்கு மாத்தலாம், 21-ம் தேதி தாமஸ் நாளுக்குப் பீர் தயார். அன்னிக்குத்தான் ஊரே வீடு வீடா போய் கிறிஸ்துமஸ் பீரை ருசி பார்க்கும், நம்ம நிலவறையில மட்டும் கடை பீர் இருந்தா ஆஸ்தா வெளிய தலை காட்ட மாட்டேங்கிறா. அதனால நாளைக்கே மூட்டணும்னு கை துடிக்குது. மால்ட்டு மூட்டை இருக்கு, கிளை வெட்டி வச்சாச்சு. ஆனா உங்க சொல்படி, முன்னாடி போட்டதைக் குடிச்சுப் பார்த்துட்டுத்தானே அடுத்தது? நான் மூணு தடவை போட்டும் ஒண்ணுகூடக் குடிச்சுப் பார்க்கல. முதல் தடவை பொங்காத தண்ணி, அதைக் கணக்குல சேர்க்காதீங்க. ஆக, நியாயப்படி நான் நாலாவதைப் போடவே முடியாது. போடலைன்னா குடிக்க முடியாது. குடிக்கலைன்னா போட முடியாது. நேத்து ராத்திரி சாப்பாட்டு மேஜையில இதை ஆஸ்தாகிட்ட விளக்கிச் சொன்னேன். "ஆட்டுக்கால் ஆறுது, சாப்பிடுங்க"ன்னா.

இன்று காலை எழுந்து நிதானமாக யோசித்தேன். மனதில் இருப்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன் மச்சான். மூன்று தடவை இத்தனை பேர் குடித்தும் ஒருவராவது நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. குளிருக்கு இதமாக, இலவசமாகக் கிடைத்ததால் குடித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். தங்களைப் போன்ற கைராசி எனக்கு இல்லை. சொன்ன சொல்லை மீறி நாலாவதற்குத் தீ மூட்ட எனக்கு மனம் வரவில்லை. எனவே அண்டாவைத் தேய்த்துக் கழுவி, வினிகரும் உப்பும் போட்டுப் பளபளவென்று துலக்கி வைத்துவிட்டேன். துலக்கும்போது கொஞ்சம் அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன். தாங்கள் 20-ம் தேதி ட்ரெய்லரோடு வந்து எடுத்துக்கொள்ளலாம். பூச்செடியே வைத்தாலும் சரி, நல்ல மண்ணாகப் போட்டு வையுங்கள். இனி நான் பீர் காய்ச்சுவதாக இல்லை. வசந்தத்தில் தேனீ வளர்க்கலாமா என்று பார்க்கிறேன்.

தங்கள் இடுப்பு நேராகவும், வழியில் மலைப்பாதை பனி இல்லாமலும், குடும்பத்தார் அனைவரின் பற்கள் உறுதியாகவும் இருக்க வேண்டிக்கொண்டு,

தங்கள் அன்பு மாப்பிள்ளை,
மாக்னே

பின்குறிப்பு: மச்சான்! மேல எழுதினதை எல்லாம் மறந்துடுங்க! ஒட்டின உறையைக் கிழிச்சுட்டுத்தான் இதை எழுதறேன். உறையை ஒட்டி, ஸ்டாம்ப் தேடிக்கிட்டிருந்தேன். வாசல்ல பால் லாரி வந்து நின்னுச்சு. கூரி பூட்ஸோட உள்ள வந்தா, உட்காரல, காபி வேண்டாம்னுட்டா. மேஜை மேல ஒரு காலி ஜாடியை வச்சா, கழுவித் துடைச்சது. பக்கத்துலயே இன்னொண்ணையும் வச்சு, "இது ஹால்வரோடது"ன்னா. நான் என்னன்னு கேட்டேன். "உங்க ஈஸ்ட் கொஞ்சம் வேணும். கிறிஸ்துமஸ் பீர் இன்னும் போடல." "என்னுது எங்க இருக்கு கூரி, அது நீங்க குடுத்ததுதானே?" "குடுத்தப்போ என்னுது. இப்ப அது உங்க கை பட்டு வேறயாயிடுச்சு." "உங்க வீட்ல இல்லையா?" "இருக்கு." "அப்புறம் எதுக்கு?" அவ ஜன்னல் பக்கம் பார்த்துக்கிட்டு, "தருவீங்களா, மாட்டீங்களா?"ன்னா. ஆஸ்தா கையிலேருந்த கரண்டி கீழ விழுந்துடுச்சு. நான் ஜாமுக்குப் பின்னாடி இருந்ததை எடுத்து ரெண்டு ஜாடியிலயும் ஊத்தினேன், நம்ம தொட்டிக்குன்னு கொஞ்சம் பாட்டில்லயே விட்டு வச்சேன். கூரி போனப்புறம் ஆஸ்தா என் ரெண்டு கன்னத்தையும் புடிச்சுக்கிட்டு, "மனுஷா, இங்க யார் வீட்டுப் பீரையும் யாரும் குடிப்பாங்க. ஆனா தன் பீரும் இதே மாதிரி வரணும்னு ஆசைப்பட்டா மட்டுந்தான் அந்த வீட்ல போய் ஈஸ்ட் கேப்பாங்க"ன்னு சொல்லி என்னை முத்தம் குடுத்தே கொன்னுட்டா. அண்டா அடியில இப்ப தீ எரியுது. நாளைக்கு வரைக்கும் யார் பொறுத்திருப்பா? உங்க நிபந்தனைப்படி கிறிஸ்துமஸ் மேஜையில ஜாடி இருக்கும், அதனால ட்ரெய்லர் வேண்டாம். ஒண்ணே ஒண்ணு கேக்கணும், தப்பா நெனச்சுக்காதீங்க: பன்னிரண்டு வருஷத்துல உங்ககிட்ட ஒருத்தர்கூட வந்து ஈஸ்ட் கேட்டதே இல்லையாமே, ஆஸ்தா சொல்றா, நிஜமா? கவலைப்படாதீங்க மச்சான். வரும்போது நீங்களும் ஒரு காலி ஜாடி கொண்டு வாங்க.